நாப்பத்து மூணு மெஷினும் நான் போட்டது

கன்டெய்னர்னு சொன்னதும் லாரின்னு நினைச்சுட்டீங்க பாருங்க. தப்பில்ல சார், என் மாமனாரே எட்டு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கார். மாப்பிள்ளை எண்ணூர் ஹார்பர்ல பெரிய வேலையில இருக்கார்னு திருத்தணி முழுக்கச் சொல்லி வச்சிருக்கார். நானும் திருத்தல. ஹார்பர்னா ஒரு மரியாதை இருக்குல்ல.

நம்ம கன்டெய்னர் வேற. ஒரு புரோகிராம், அது ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் ஒரே டப்பாவுல அடைச்சு வச்சா அதுக்குப் பேர் கன்டெய்னர். அந்த மாதிரி நூத்துக்கணக்குல டப்பா, நாப்பது கம்ப்யூட்டர்ல பிரிஞ்சு ஓடும். அந்த நாப்பதையும் சேர்த்து கிளஸ்டர்னு சொல்லுவோம். அதை நம்ம சீட்டுல உக்காந்துக்கிட்டே மேய்க்கிறதுக்கு ஒரு டூல் இருக்கு. க்யூப் கன்ட்ரோல்னு பேரு. படம் கிடம் ஒண்ணும் வராது. கறுப்பு ஸ்கிரீன், அதுல டைப் அடிக்கணும், அவ்வளவுதான். புதுசா வர்றவங்க மெஷின்ல அதைப் போட்டுக் குடுக்கிறது நான். அது மட்டுமே என் வேலைன்னு சொல்லல. ஆனா அதை நான்தான் போடுவேன். வேற யாரும் போட மாட்டாங்க.

மணி என்னங்க? திண்டிவனம் தாண்டி பத்து நிமிஷம் இருக்குமா? செஞ்சிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்னாரு கண்டக்டர். முக்கால் மணி நேரம்! கொஞ்சம் காலை நகத்திக்கறேன், கோச்சுக்காதீங்க. இன்னைக்கு உக்காந்த எடத்துல உக்கார முடியல. காலையில வீட்டுக்காரி இட்லி வச்சா, ரெண்டுக்கு மேல எறங்கல. ஒண்ணுமில்ல, சின்ன வேலைதான். ஒரு கையெழுத்து. வாங்கிட்டு அடுத்த பஸ்ல திரும்பிடணும்.

இன்ஸ்டால் பண்றதுன்னா ஜனங்க என்னமோ பட்டனைத் தட்டினா முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. முதல்ல கிளஸ்டர் என்ன வெர்ஷன்னு பாக்கணும். டூல் அதைவிட ஒரு படி மேல கீழ இருக்கலாம், ரெண்டு படி தாண்டினா மக்கர் பண்ணும். அப்புறம் ஃபைலை எறக்கணும். எறக்கினது அசல்தானா, நடுவுல எவனாவது கை வச்சிருக்கானான்னு ஒரு நீள நம்பரை ஒத்துப் பாக்கணும். அப்புறம் அதை ஓட்டறதுக்கு அனுமதி குடுக்கணும். சரியான ஃபோல்டருக்கு நகத்தணும். கடைசியா நீ என்ன வெர்ஷன்னு கேட்டா அது பதில் சொல்லணும். எனக்கு ஏழு நிமிஷம் ஆகும். அந்த நம்பரை ஒத்துப் பாக்கறதை பாதிப் பேர் விட்டுடுவான். நான் விட்டதே இல்ல சார். பாதுகாப்பு விஷயத்துல நான் ரொம்ப கறார்.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். நான் கொண்டு வந்தது. புதுசா சேர்ந்தவங்க லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என் சீட்டுக்கு வரணும். பக்கத்துல ஒரு சேர் எப்பவும் காலியா வச்சிருப்பேன். அதுல உக்காரணும். கீபோர்டுல கை வைக்கக் கூடாது, பாத்துக்கிட்டே இருக்கணும். நான் அடிப்பேன். முடிஞ்சதும் கூட்டிட்டுப் போய் டீ வாங்கித் தருவேன். அஞ்சு வருஷத்துல நாப்பத்து மூணு பேரு. அதுல ரெண்டு பேர் இப்ப எனக்கே மேனேஜர். தணிகாசலம் போட்டா நிக்கும்னு ஒரு பேரு. அது சும்மா வந்துடல.

இப்ப கவனிங்க, இங்கதான் விஷயம். டூலைப் போட்டாச்சு. வந்த ஆளு ஆசையா முதல் கமாண்டை அடிப்பான். அது என்ன சொல்லும்? கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்னு, உள்ள விட மாட்டேன்னு சொல்லும். டூல் மேல தப்பில்ல. எந்த கிளஸ்டர், நீ யாரு, உனக்கு என்ன அனுமதின்னு சொல்ற ஒரு ஃபைல் வேணும். சாவின்னு வச்சுக்கோங்க. பூட்டு புதுசா மாட்டியாச்சு, சாவி இல்ல. சாவி வேணும்னா செக்யூரிட்டி டீமுக்கு விண்ணப்பம் போடணும், அதுக்கு நான் ஓகே குடுக்கணும், அவங்க அஞ்சு நாள் எடுத்துக்குவாங்க. அந்த அஞ்சு நாளும் அந்த ஆளு போற எடமெல்லாம் என்ன சொல்லுவான்? தணிகாசலம் போட்டாரு, வேலை செய்யலன்னு சொல்லுவான். எப்படி இருக்கும் எனக்கு?

அதனால என் சாவியைக் காப்பி பண்ணிப் போட்டுடுவேன். ஒரு செகண்ட். உடனே ஓடும். அந்த முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதுக்குத்தான் சார்.

என்ன? ஆமா, நாப்பத்து மூணுலயும். ஆமா, என் பேருலதான். அதனால என்ன, எல்லாரும் நம்ம ஆளுங்கதானே? நீங்க மோட்டார் ரிவைண்டிங் கடை வச்சிருக்கறதா சொன்னீங்களே, கஸ்டமர் வீட்டுல மாட்டிட்டு, ஓடுதான்னு காட்டாம வருவீங்களா? அதேதான் இதுவும்.

இந்த விண்ணரசின்னு ஒரு பொண்ணு. செஞ்சிப் பக்கம். அப்பா கொத்தனாரு. காலேஜ் முடிச்சு நேரா எங்ககிட்ட வந்துச்சு, மூணு மாசம் ஆச்சு. நல்ல பொண்ணுதான், இல்லன்னு சொல்லல. முதல் நாள் என் பக்கத்துல உக்காந்துச்சு. ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துச்சு. ஒவ்வொரு படியையும் எழுதுது. இத்தனை வருஷத்துல எவனும் எழுதினதில்ல. எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கேக்குது, "அண்ணா, நான் டைப் பண்ணட்டுமா, நீங்க சொல்லச் சொல்ல?" நான் சொன்னேன், "வேணாம்மா, ஒரு எழுத்து தப்பினா ஒரு மணி நேரம் போயிடும்." சரிங்கண்ணான்னுச்சு. சாவியைப் போட்டேன். ஓடிச்சு. எல்லாரும் சிரிப்பாங்களே, இது சிரிக்கல. ஸ்கிரீன் கிட்ட குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணா, இதுல உங்க பேரு இருக்கே?"ன்னுச்சு.

"என் பேரு இருந்தா ஒண்ணும் கெட்டுடாது, வா டீ சாப்பிடலாம்"னேன். சாப்பிட்டோம். பன் பட்டர் ஜாம் கூட வாங்கிக் குடுத்தேன்.

பத்து நாள் போச்சு. ஒரு மெயில் வருது எனக்கு. விண்ணரசிக்குத் தனி சாவி வேணுமாம், பயிற்சிக்குன்னு வச்சிருக்கிற கிளஸ்டருக்கு மட்டும் போதுமாம், கஸ்டமருக்கு ஓடுற அசல் கிளஸ்டர் பக்கம் போக அனுமதியே வேணாமாம், நான் ஓகே குடுக்கணுமாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. நாப்பத்து ரெண்டு பேர் வாயத் திறக்கல. நேத்து வந்தது, நான் போட்டுக் குடுத்தது பத்தலன்னு மேல எழுதுது. நான் ஒண்ணும் மாட்டேன்னு சொல்லல. அப்படியே விட்டுட்டேன். ஞாபகப்படுத்தி இன்னொரு மெயில் வந்துச்சு. அதையும் விட்டேன். நேர்ல ஒரு தடவை வந்து நின்னுச்சு. "ஓடுதா இல்லையா?"ன்னு கேட்டேன். "ஓடுதுண்ணா"ன்னுச்சு. "அப்புறம் என்ன?"

அந்த மெயிலை நான் அழிச்சிட்டேன்னு நினைக்காதீங்க. அழிக்கல. ரெண்டும் இருக்கு. போன்லயே இருக்கு, பாக்கறீங்களா? வேணாமா? சரி.

வியாழக்கிழமைதான் நடந்துச்சு. போன வாரத்துக்கு முந்தின வியாழன். காலையில பதினொன்னே கால். நான் கேன்டீன்ல மேனேஜர் கூட பொங்கல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அதுவே எனக்கு சாட்சி, பாத்துக்கோங்க. பயிற்சி கிளஸ்டர்ல பழசையெல்லாம் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்காங்க அந்தப் பொண்ணை. அதுலயும் அசல்லயும் ஒரே பேருல ஒரு பகுதி உண்டு. அழின்னு அடிச்சிருக்கு. என் சாவி முதல்ல அசல் கிளஸ்டரைத்தான் திறக்கும். ஏன்னா நான் தினம் அதுலதானே வேலை செய்யறேன்! மாத்திக்கிட்டு அடிக்கணும். மத்த நாள்லாம் மாத்தித்தான் அடிச்சிருக்கு. அன்னைக்கு மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினப்ப மாத்த விட்டுப் போச்சு. அந்த டூல் இருக்கே, நிச்சயமா அழிக்கவான்னு ஒரு வார்த்தை கேக்காது சார். சொன்னா செய்யும்.

எங்களுது டயாலிசிஸ் சென்டருங்களுக்கு ஷெட்யூல் போடுற சாஃப்ட்வேர். இருபத்து ரெண்டு சென்டர். பேஷன்ட் எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க, யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணி, ஒண்ணும் தெரியல. மூணு மணி நேரம் ஆச்சு திரும்பக் கொண்டு வர. நான்தான் கொண்டு வந்தேன், அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். ஒரு வயசான அம்மாவை மட்டும் வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். நல்லா இருக்காங்க. நான் விசாரிச்சுட்டேன். ரெண்டு தடவை விசாரிச்சேன்.

அன்னைக்கு கேன்டீன்ல இருந்து ஓடி வந்ததும் முதல்ல பதிவேட்டை எடுத்துப் பாத்தா அழிச்சது யாரு? தணிகாசலம். பொங்கல் தட்டோட நிக்கறேன். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. அந்தப் பொண்ணு அதோட எடத்துல எழுந்து நின்னுச்சு. யாரும் கேக்கல, தானா எழுந்துச்சு. "அண்ணா இல்ல சார். நான்தான் சார்"ன்னுச்சு. விசாரணை முடியற வரைக்கும் வீட்டுல இருன்னு அனுப்பிட்டாங்க. போறப்ப என் சீட்டுக்கு வந்து, "மன்னிச்சுக்கோங்கண்ணா, உங்க பேரைக் கெடுத்துட்டேன்"னுச்சு. பரவாயில்லம்மான்னேன்.

அதோட முடிஞ்சிருக்கணும். முடியல. வாடிக்கையாளர் பக்கம் இருந்து ஒரு ஆடிட்டர் வந்திருக்கார். அவருக்கு யார் அழிச்சாங்கன்னு கவலையில்ல. தணிகாசலத்தோட சாவி அந்தப் பொண்ணு மெஷினுக்கு எப்படிப் போச்சு? அது ஒண்ணுதான் கேக்கறார். திங்கக்கிழமை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. என் மேனேஜர் தனியா கூட்டிட்டுப் போய் சொல்றார், "தணிகா, நீயா குடுத்தேன்னா உன்னை என்னால காப்பாத்த முடியாது. அவளா எடுத்துக்கிட்டாள்னா விஷயம் வேற." எனக்கு நாப்பத்தி ஒண்ணு ஆகுது சார். பெரிய பொண்ணு பத்தாவது. இந்த வயசுல எங்க போய் நிக்கறது? எங்க போனாலும் இருபத்தஞ்சு வயசுப் பசங்க என்னை இன்டர்வியூ எடுப்பாங்க.

அதுக்குத்தான் இந்தப் பேப்பர். இதோ, படிச்சுப் பாருங்க. டைப் அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். ஒரே வரிதான். "தணிகாசலம் அவர்கள் இடத்தில் இல்லாதபோது அவரது மெஷினிலிருந்து அந்த ஃபைலை அவருக்குத் தெரியாமல் நானே எடுத்துக்கொண்டேன்." கீழ விண்ணரசின்னு கையெழுத்து. அவ்வளவுதான். தமிழ்லயும் இருக்கு, இங்கிலீஷ்லயும் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு எப்படியும் வேலை போன மாதிரிதான். அழிச்சேன்னு ஒத்துக்கிட்டாச்சு. அதுமேல ஒரு வரி கூடினா என்ன ஆயிடப் போகுது? சின்னப் பொண்ணு, வேற கம்பெனி ஆயிரம் இருக்கு.

திருட்டுன்னு ஏன் சார் சொல்றீங்க? அந்த வார்த்தை அதுல எங்கயும் இல்ல. நான் பாத்துப் பாத்துத்தான் எழுதியிருக்கேன். எடுத்துக்கொண்டேன்னுதான் இருக்கு.

விசாரிப்பாங்கதான். அடுத்த கம்பெனிக்காரன் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பான், இல்லங்கல. எல்லாரும் அவ்வளவு நுணுக்கமா பாக்க மாட்டாங்க. கொஞ்ச நாள் போனா மறந்துடும். நானே எங்கயாவது சொல்லி சேத்து விடுவேன். சேத்து விட மாட்டேனா? நிச்சயம் சேத்து விடுவேன்.

கொஞ்சம் இருங்க, போன். புது நம்பரா இருக்கு.

ஹலோ. ஆமாங்க, தணிகாசலம்தான். சொல்லுங்க. யாரு? ஓ. வணக்கங்க. வணக்கங்க ஐயா. ஆமா, பஸ்லதான் வரேன். வல்லம் தாண்டிட்டோம்னு நினைக்கிறேன். ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? வேணாங்க, நான் சாப்பிட்டுத்தான்... இல்லைங்க. ஆமாங்க. ஆமாங்க. ம். சரிங்க. வச்சுடறேங்க.

அவங்க அப்பா. சவரியப்பன்னு பேராம்.

இல்ல, ஒண்ணும் சண்டை போடல. சண்டை போட்டிருந்தா தேவலையே. பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறாராம், பாப்பாவையும் கூட்டிட்டு வந்துட்டாராம். எனக்கு வீடு தெரியாதுல்ல, அலையக் கூடாதாம். கோழி அடிச்சு வச்சிருக்காங்களாம். "பாப்பா உங்களைப் பத்தித்தான் சார் பேசும். அம்மாம் பெரிய ஆபீசுல நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல உக்கார வச்சு பாத்துக்கிட்டீங்களாமே"ங்கறார். அப்புறம் சொல்றார், "நீங்க வரேன்னு போன் பண்ணினதுல இருந்துதான் சார் அது சோறு திங்குது. எம் பொண்ணு மேல தப்பில்லன்னு எழுதிக் குடுக்கத்தானே நீங்களே நேர்ல வரீங்க? எங்க சர்ச்சு சாமியாரு கூட சொன்னாரு, நல்ல மனுசனா இல்லாம இவ்வளவு தூரம் வருவாரான்னு."

நான் ஆமாங்கன்னுட்டேன். வேற என்ன சொல்றது, நீங்களே சொல்லுங்க. போன்ல இதெல்லாம் விளக்க முடியுமா?

அது எப்படி அவங்களா அப்படி நினைச்சுக்கறாங்க? நான் வரேன்னுதான் சொன்னேன், எதுக்குன்னு சொல்லவே இல்லையே! ஜனங்க தாங்களா ஒண்ணு நினைச்சுக்க வேண்டியது, அப்புறம் நம்மளை ஒரு மாதிரி பாக்க வேண்டியது.

அந்தா தெரியுதே, அதுதான் செஞ்சிக் கோட்டையா? அதுக்குள்ள வந்துடுச்சே. அப்ப உருட்டிக்கிட்டு வந்தான், இப்ப என்னமோ பறக்கறான். கண்டக்டர்! கண்டக்டர் சார், திருவண்ணாமலைக்கு ஒண்ணு குடுங்க. ஆமா, செஞ்சிக்குத்தான் எடுத்தேன், இப்ப திருவண்ணாமலை போறேன். அண்ணாமலையாரைப் பாத்து எவ்வளவு நாளாச்சு. மனசு சரியில்லாதப்ப சாமி கும்பிட்டாத்தான் நல்லது. இந்தப் பேப்பரை கூரியர்ல அனுப்பிடலாம். கூரியர்ல அனுப்பினா, படிச்சுப் பாத்து நிதானமா கையெழுத்துப் போடுவாங்க. நேர்ல போய் நின்னா சங்கடம். அவங்களுக்குத்தான் சங்கடம், நான் அதுக்குச் சொல்றேன்.

ஸ்டாண்டுக்குள்ள திரும்பிட்டான். சார், ஒரு உதவி. நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க. நான் கொஞ்சம் கீழ குனிஞ்சுக்கறேன், செருப்பு வார் கழண்ட மாதிரி. அங்க ஒரு பெரியவர் நிக்கறாரா பாருங்க. பக்கத்துல கண்ணாடி போட்ட பொண்ணு, ஒல்லியா. நிக்குதா? எந்தப் பக்கம் பாக்குது?

ஒவ்வொரு ஜன்னலாவா பாத்துக்கிட்டு வருது? எத்தனை ஜன்னல் தள்ளி?

நிமிர மாட்டேன். நீங்க சும்மா முன்னாடி பாத்து உக்காருங்க, அது போயிடும். அடுத்த பஸ்ல வருவாருன்னு நினைச்சுக்கும். ஏன் இன்னும் எடுக்க மாட்டேங்கறான் டிரைவரு? டீ குடிக்கப் போயிட்டானா? போன் வேற அடிக்குது, பாருங்க, அதுதான், அந்தப் பொண்ணு நம்பர்தான். சத்தம் வெளிய கேக்குமோ? இதை எப்படி அமத்தறது...

சார், ஏன் எழுந்திரிக்கிறீங்க? நீங்க திருவண்ணாமலைதானே? இல்ல, அந்தப் பேப்பர் உங்க மடியிலயே இருக்கட்டும், நான் அப்புறம் வாங்கிக்கறேன். சார், எதுக்கு ஜன்னலைத் தூக்கறீங்க? கையை எதுக்கு வெளிய நீட்டறீங்க? சார், சொல்றேன்ல. யாரைக் கூப்பிடறீங்க? ஐயோ, விண்ணரசின்னு பேர் சொல்லிக் கூப்பிடறீங்களே சார்.